வெயிலூரிலும் குளிருகிற உன் பெண்சாதியைப் பற்றி

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பூசை முடித்து, வாடின பூக்களை ஒதுக்கிவிட்டு, முற்றத்து வெளிச்சத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். வழக்கமாய் உன் கடிதத்தை உடனே இரண்டாம் முறையும் வாசிப்பேன். இந்த முறை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். நீ சுகமாய் இருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய், அதற்கு முருகனுக்கு நன்றி சொன்னேன். உன் பெண்சாதியின் சுகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "அம்மா, நீங்கள் எனக்குத் தேடித் தந்தது பெண்ணில்லை, ஒரு மரக்கட்டை. மத்தியானம் கூப்பிட்டால் பின்னேரம் திரும்பிப் பார்க்கிறாள்" என்று எழுதியிருக்கிறாய். பகலெல்லாம் நித்திரை, கறிக்கு இரண்டு தரம் உப்பு, ஆம்பிளைக் குரல், ஊதின உடம்பு, அந்தக் கொதிக்கிற மலாயாவிலும் கம்பளிப் போர்வை. வயிற்றில் வந்த இரண்டும் தங்கவில்லை. அடுத்த கப்பலில் அனுப்பிவிடுகிறேன், தகப்பன் வீட்டில் இருக்கட்டும், பிறகு வேறு இடம் பார்க்கலாம் என்று முடித்திருக்கிறாய். சிரிப்பு வரத்தக்கதாய்த்தான் எழுதியிருக்கிறாய். ரெயில்வேக் குவாட்டர்சில் உன் கூட்டாளிகள் சிரித்திருப்பார்கள்.

கப்பலுக்குச் சீட்டு எடுக்க முதல் இதை முழுக்க வாசி. நீளமாய் இருக்கும், பொறுத்துக்கொள். நான் பள்ளிக்கூடம் போகாதவள் என்று உனக்குத் தெரியும். அண்ணைமாருக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டு எழுத்துக் கூட்டினவள். ஆனபடியால் சுருக்கி எழுத எனக்கு வராது. இதில் ஒரு பிரதியை ஊர்ச் சைவப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். கோபிக்காதே, உன் பெயரோ ஊரோ அதில் வராது. அவளுக்கும் பூமணி என்று வேறொரு பெயர் வைத்திருக்கிறேன். இதே கடிதத்தைத் தன் தாய்க்கு எழுதிக்கொண்டிருக்கிற வேறு பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுடைய தாய்மாருக்கு நான் அறிந்தது தெரிந்திராது.

உனக்குத் தங்கம் மாமியை நினைவிருக்காது. உன் ஐயாவுக்குத் தமக்கை, எனக்கு மச்சாள். நீ தவழத் தொடங்கின காலத்தில் காலமானா. வட்டுக்கோட்டைப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவ. புதிதில் வயல் வரம்பில் அவ நடந்தால் கூடப் போகிறவர்கள் ஓடவேண்டுமாம், அவ்வளவு சுறுசுறுப்பு. நான் இந்த வீட்டுக்கு மருமகளாய் வந்த இரண்டாம் வருஷம் அவவின் புருஷன் ஒரு நாள் வண்டில் கட்டிக்கொண்டு வந்து படலையடியில் நிறுத்தினார். பெட்டியைத் தானே இறக்கி வைத்தார். முதுகு நோகாமல் இருக்க வண்டிலுக்குள் தலையணையும் போட்டிருந்தார், கெட்ட மனிதர் இல்லை. ஐயாவின் தகப்பனாரை, உன் பேரனாரைப் பார்த்து, "மாமா, உங்கடை மோளைக் கொண்டந்திருக்கிறன். கலியாணத்துக்குத் தந்த பெம்பிளை உவ இல்லை. உது ஒரு கட்டை. கூப்பிட்டால் திரும்பிறதுக்கு ஒரு நாள் வேணும்" என்றார். உன் பேரனார் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தார். வண்டில் திரும்பிப் போனது. மச்சாள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அழவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்து, "குளிருது" என்றா. அது சித்திரை மாதம்.

உன் கடிதத்தை நான் ஏன் மடித்து வைத்தேன் என்று இப்போது விளங்கும்.

அதற்குப் பிறகு அவ எங்களோடு இருந்தா. முகம் அதைத்து, கண்மடல் தடித்து, புருவத்தின் வெளிக்கரை மயிர் உதிர்ந்து போயிருந்தது. குரல் கரகரத்து ஆம்பிளைக் குரலாகியிருந்தது. அடுப்படியை விட்டு அசையமாட்டா. ஒரு கதை தொடங்கினால், முடிவதற்குள் நான் சோறு வடித்து இறக்கிவிடுவேன். பேதி கொடுத்தோம். வேப்பிலை அடித்தோம். கண்ணூறு கழித்தோம். நூல் கட்டினோம். ஒன்றுக்கும் மசியாதபோது "சோம்பல் ஊறிப்போச்சு" என்று ஒரு பெயர் வைத்தோம். பெயர் வைத்த பிறகு வைத்தியம் தேவைப்படவில்லை. ஒரு மார்கழியில், மழை விடாமல் பெய்த கிழமையில், விடிய எழுப்பப் போனபோது அவ எழும்பவில்லை. மூச்சு இருந்தது, எண்ணி எண்ணி விடுகிற மாதிரி. உடம்பு கிணற்றுக்கட்டுப் போலக் குளிர்ந்திருந்தது. போர்வைகளைப் போட்டு மூடினோம். கொத்தமல்லிக் குடிநீர் பருக்கினோம், அது கடைவாயால் வழிந்தது. மத்தியானத்துக்குள் போய்விட்டா. இந்த வீட்டில் ஒருவரும் அவவுக்குக் கொடுமை செய்யவில்லை, தம்பி. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. எழும்புவா, எழும்புவா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அது எனக்கு வந்தது. உனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அம்மா எந்த நேரமும் படுத்திருக்கிறா என்று நீ ஐயாவிடம் முறையிட்டது உனக்கே நினைவிருக்கலாம். முதலில் என் வீட்டுக் கணக்கு ஒத்துவராமல் பிழைக்கத் தொடங்கியது. நான் கணக்கில் எப்படி என்று உனக்குத் தெரியும், தேங்காய் விற்றதும் எண்ணெய் வாங்கினதும் அன்றன்று எழுதி ஒத்துப்பார்க்காமல் படுக்கமாட்டேன். பிழைத்ததைப் பார்த்தும், சரி, கிடக்கட்டும் என்று கொப்பியை மூடினேன் பார், அதுதான் விசேஷம். அந்தக் "கிடக்கட்டும்" எல்லாவற்றுக்கும் வந்தது. பால் பொங்கி வழிந்தால் கிடக்கட்டும். கோயிலில் பதிகம் படிக்கும்போது தூங்கி விழுந்தால் கிடக்கட்டும். விரல் அதைத்து மோதிரம் இறுகி, நகை செய்கிற பத்தர் வந்து அரம் போட்டு அறுத்தெடுத்தார். பக்கத்து வளவுச் சின்னாச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, புருஷன்ரை சாப்பாடு நல்லாய்ப் பிடிச்சிருக்குப் போலை. மூஞ்சை பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு" என்று சிரிப்பா. நானும் சிரிப்பேன். நான் சிரித்து முடிக்கிறதுக்குள் அவ போய்விடுவா.

ஆசுப்பத்திரிக்குப் போனது இதற்காக இல்லை. அடுப்பிலிருந்து தணல் ஒன்று காலில் விழுந்தது. நான் காலை இழுப்பதற்குள் தோல் வெந்துவிட்டது. ஐயா வண்டில் பிடித்து என்னை மிசன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே நம்மவர்களுக்குள் கிறிஸ்து வேதத்துக்கு மாறிப்போன ஒரு குடும்பத்துப் பெண் டொக்குத்தராய் இருந்தா. புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தவ திடீரென்று நிமிர்ந்து, "எவ்வளவு காலமாய் உந்தக் குரல்?" என்று கேட்டா.

"எந்தக் குரல்? என்ரை குரல் எப்பவும் உதுதான்" என்றேன்.

வாசலில் நின்ற ஐயா, "இல்லை டொக்குத்தர். கலியாணம் முடிச்ச காலத்திலை இவ ஏசினாலும் பாட்டு மாதிரி இருக்கும். இப்ப பாட்டுப் படிச்சாலும் ஏசிற மாதிரிக் கிடக்கு" என்றார்.

டொக்குத்தர் அம்மா சிரிக்கவில்லை. என் நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றா. நாக்கை நீட்டச் சொன்னா. புருவத்தை விரலால் தடவிப் பார்த்தா. பிறகு, "அக்கா, உந்தக் கதிரையிலை முழங்காலிலை ஏறி நில்லுங்கோ, பாதம் வெளியாலை தொங்கட்டும்" என்றா. ஐயாவுக்கு முன்னால் இதென்ன கூத்து என்று எனக்கு வெட்கம். ஒரு சின்ன ரப்பர்ச் சுத்தியலால் குதிக்கு மேலே உள்ள நரம்பில் தட்டினா. கால் துள்ளினது. ஆனால் திரும்பி வரும்போது, நித்திரையில் புரண்டு படுக்கிற ஆளைப் போல, ஆறுதலாய், மெல்ல மெல்ல வந்தது. ஐயாவைக் கூப்பிட்டு, "பாத்தீங்களோ? இவவுக்கு எல்லாம் இப்பிடித்தான் நடக்குது, உள்ளுக்கையும்" என்றா.

பிறகு எங்கள் இருவரையும் இருத்தி விளக்கினா. அவ சொன்னதை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன். நீ இங்கிலீசு படித்தவன், உனக்கு இதற்கு மேலும் விளங்கும். கழுத்தின் முன்பக்கம், விழுங்கும்போது ஏறி இறங்குகிற குரல்வளைக்குக் கீழே, வண்ணாத்திப்பூச்சி செட்டையை விரித்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. தைரொயிட் என்று பெயர். அது ஒரு சாற்றை மிகவும் கொஞ்சமாய் இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படிப்பட்ட சாறுகளுக்கு ஹோர்மோன் என்று சொல்வார்களாம். உடம்பு எந்த வேகத்தில் வேலை செய்யவேண்டும் என்பதை அந்தச் சாறுதான் நடத்துகிறது. சாப்பாட்டை உடம்புச் சூடாய் மாற்றுவது, நெஞ்சு அடிப்பது, குடல் அசைவது, மயிர் வளர்வது, யோசிப்பது, மாதவிலக்கு, பிள்ளை தங்குவது, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். "கிணத்திலை தண்ணி இறைக்கத் துலா மிதிக்கிற ஆள் களைச்சுப் போனால் என்ன நடக்கும்?" என்று ஐயாவிடம் கேட்டா. "வாய்க்காலிலை தண்ணி ஓடும், ஆனால் கடைசிப் பாத்திக்குப் போகாது" என்றார் ஐயா. "அதுதான். மிளகாயும் வாடும், புகையிலையும் வாடும், வெங்காயமும் வாடும். ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு மருந்து தேடிக்கொண்டு திரிஞ்சால் சரிவருமோ?" என்றா. நாங்கள் மச்சாளுக்குச் செய்தது அதுதான். மலச்சிக்கலுக்குப் பேதி, மயிருக்கு எண்ணெய், மந்தத்துக்கு வேப்பிலை.

"கழுத்திலை வீக்கம் ஒண்டும் இல்லையே?" என்று கேட்டேன். கழலை என்றால் கழுத்து வீங்கும் என்றுதான் நான் அறிந்திருந்தேன். வீங்குவது ஒரு விதம், எனக்கு வந்தது வற்றிப்போகிற விதம் என்றா. ஏன் வற்றுகிறது என்று கேட்டேன். "தெரியாது அக்கா. ஒருத்தருக்கும் இன்னும் சரியாய்த் தெரியாது" என்றா. அந்த ஒரு வார்த்தையால்தான் எனக்கு அவவில் நம்பிக்கை வந்தது. நான் அப்போது தங்கம் மச்சாளைப் பற்றிச் சொன்னேன். அவ முழுக்கக் கேட்டா. "இப்ப எங்கை அவ?" என்றா. காலமாகிவிட்டா என்றேன். அவ எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடி வைத்தா. பிறகு, "இந்த மருந்து அப்பவும் இருந்தது" என்றா. ஐயா எழும்பி வெளியே போய் வண்டில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றார். மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

மருந்து என்ன என்று கேட்டபோதுதான் என் சோதனை தொடங்கியது. "ஆட்டின்ரை கழுத்திலை இருக்கிற இதே சுரப்பிதான். காயவைச்சு, தூளாக்கி, மாத்திரையாய் வருது" என்றா. மறைக்காமல் சொன்னதற்கு அவவை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். நான் கதிரையை விட்டு எழும்பினேன். சிவதீட்சை எடுத்தவள், மீன் மச்சம் சமைத்த சட்டியைக்கூடத் தொடாதவள். "எனக்கு வேண்டாம். வேறை என்ன இருக்கு?" என்றேன். "வேறை ஒண்டும் இல்லை" என்றா. ஐயா திரும்பி வந்து போத்தலை வாங்கிச் சால்வைக்குள் முடிந்துகொண்டு வந்தார். வீட்டுக்குள் கொண்டுவர நான் விடவில்லை. அது விறகுக் கொட்டிலின் வளைமரத்தில் ஒரு தகரப் பேணிக்குள் தொங்கினது. கன நாள் அப்படியே தொங்கினது. கடைசியில் ஐயா என்னைக் கோயில் குருக்களிடம் கூட்டிக்கொண்டு போனார். குருக்கள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றவர், முழுவதையும் கேட்டுவிட்டு, "சமைச்சுத் தின்னவோ கேக்கிறாய்? சுவாமியைக் கும்பிட உனக்கு அறிவு வேணும், கால் வேணும், கண் முழிச்சிருக்க வேணும். போன வெள்ளி என்ரை பூசையிலை நீ குறட்டை விட்டனி. விடிய முதல் வேலையாய் விழுங்கு. பிறகு முழுகு. முழுகினாப் பிறகு நீ எப்பவும் போலைதான்" என்றார். அன்று தொடக்கம் நான் விடியப்புறம் வெறும் வயிற்றில் கொட்டிலடியில் நின்று விழுங்கிவிட்டு, கிணற்றில் முழுகிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறேன். வெறும் வயிற்றில் விழுங்கினால்தான் மருந்து நன்றாய் உடம்பில் சேரும் என்று டொக்குத்தர் அம்மா பிறகு சொன்னா. அந்த ஆட்டின் உயிருக்காகவும் முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பாரம் என்னை விட்டுப் போகவில்லை. போகாமல் இருப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

மருந்து உடனே பிடிக்கும் என்று எண்ணாதே. முதலில் ஒரு மாத்திரையின் பாதிதான் தந்தா. கிழமைகள் போக மெல்ல மெல்லக் கூட்டினா. எனக்குத் தேர்த்திருவிழாவுக்கு முன் எழும்பி நடக்கவேண்டும் என்ற அவசரம். யாருக்கும் சொல்லாமல் இரட்டிப்பாய் விழுங்கினேன். நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, வேர்த்து ஒழுகி, தேர் பார்க்காமல் பாயில் கிடந்தேன். நெடுங்காலம் மந்தமாய் இருந்த நெஞ்சைத் திடீரென்று ஓடச் சொன்னால் நின்றும் போய்விடும் என்று டொக்குத்தர் அம்மா கடிந்தா. ஆனால் ஒழுங்காய் எடுத்தபோது, ஒரு காலையில் கிணற்றடியில் நின்றுகொண்டு, இன்றைக்குக் குளிரவில்லையே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாய் வந்தது. மலச்சிக்கல் போனது, முகம் வடிந்தது, மயிர் முளைத்தது. குரல் கடைசியில்தான் வந்தது. ஐயாவை நான் வாய் நிறைய ஏசின அன்று அவர் கொல்லைக்குள் போய் நின்று சிரித்தார்.

இனி நான் எழுதப்போவது எல்லாவற்றிலும் முக்கியம். சுகம் வந்த இரண்டாம் வருஷம் கந்தசட்டி வந்தது. விரத நாளில் ஆட்டை விழுங்கிவிட்டு உபவாசம் இருப்பதா என்று மனம் ஒப்பவில்லை. ஆறு நாள்தானே என்று நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகவே இருந்தேன். சூரன்போர் முடிந்து பாறணை பண்ணினபோது, முருகன் என்னை முழுக்கக் குணமாக்கிவிட்டான், இனி மருந்து தேவையில்லை என்று முடிவு கட்டினேன். அடுத்துத் திருவெம்பாவை விரதமும் வந்தது. அதுவும் சேர்ந்துகொண்டது. எனக்கு அப்போது தெரியாதது இதுதான். உள்ளே சேர்ந்திருந்த மருந்து கிழமைக் கணக்கில் உடம்பில் நின்று வேலை செய்யும். நிறுத்தின உடனே ஒன்றும் தெரியாது. தெரியத் தொடங்கும்போது, தெரிந்துகொள்ளுகிற புத்தியே மங்கிப்போயிருக்கும். தைப்பொங்கலன்று பானைக்கு முன்னால் இருந்துகொண்டு, அரிசி போட்டேனா இல்லையா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. ஐயாதான் சொன்னார். நான் அடுப்படியில் தங்கம் மச்சாள் இருந்த இடத்தில் போய், அவ இருந்த மாதிரியே இருந்தேனாம். அவர் கூப்பிட்டாராம். நான் திரும்பிப் பார்த்து, "குளிருது" என்றேனாம். அவர் வேட்டி மாற்றாமல், தோட்டத்துச் சேற்றுக் காலோடு என்னைத் தூக்கி வண்டிலில் ஏற்றி ஆசுப்பத்திரிக்கு ஓட்டினாராம்.

அந்த நோய் முதலில் என்னிடமிருந்து எடுத்தது என் கவலையை. எனக்கு ஏதோ பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பயமும் இல்லை. தண்ணீருக்குள் அமிழ்கிறவன் கையையாவது அடிப்பான், நான் அதுவும் செய்யவில்லை. ஆகையால் பூமணி உன்னிடம் வந்து, "எனக்கு வருத்தம், டொக்குத்தரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கேட்பாள் என்று காத்திராதே. அவள் கேட்கமாட்டாள். நீ ஏசினால் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நிற்பாள். அதை நீ திமிர் என்று எழுதியிருக்கிறாய். கப்பலில் ஏறு என்றால் ஏறுவாள். அவளுக்காகக் கவலைப்படுகிற வேலையை வேறு யாராவது செய்யவேண்டும். எனக்கு அதை ஐயா செய்தார். மச்சாளுக்கு ஒருவரும் செய்யவில்லை. அவளுக்கு அங்கே உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

நீங்கள் மணவறையில் எடுத்த படத்தையும், போன சித்திரைக்கு நீ அனுப்பின படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீயும் செய்து பார். உன்னைத் தெரிகிறது. அவளைத் தெரியவில்லை. கண்மடலைப் பார், புருவத்தின் கரையைப் பார், உதட்டைப் பார். நான் வைத்தியம் படித்தவள் அல்ல, படத்தைப் பார்த்து நோய் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. இரத்தம் குறைந்தாலும் முகம் ஊதும், வேறு காரணமும் இருக்கலாம். ஆனபடியால்தான் டொக்குத்தரிடம் கொண்டுபோ என்கிறேன். அரசாங்க ஆசுப்பத்திரியில் பெரிய டொக்குத்தராய்ப் பார். நாடியை எண்ணச் சொல், குதிநரம்பைத் தட்டிப் பார்க்கச் சொல், எங்கள் சொந்தத்தில் இப்படி இருந்தது என்று சொல். என்னைப் பற்றியும் சொல், வெட்கப்படாதே. இரண்டு பிள்ளை தங்காமல் போனதையும் மறைக்காமல் சொல். அதுவும் இதனால்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் இருக்கக்கூடும். மருந்து தந்தால் அவர் சொன்ன அளவுதான், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். நெஞ்சு இடித்தால் உடனே போய்ச் சொல். சுகம் வந்த பிறகும் நிறுத்தவிடாதே. பிறகு பிள்ளை வயிற்றில் வந்தாலும் டொக்குத்தரைக் கேளாமல் நிறுத்தவிடாதே. அவளும் விரதம் பிடிக்கிறவள். சுரப்பி வற்றினால் பெரும்பாலும் வற்றினதுதான், இது உயிர் உள்ளவரைக்கும் எடுக்கிற மருந்து. நேர்த்தி வைக்க விரும்பினால் வை, நானும் வைத்திருக்கிறேன். ஆசுப்பத்திரிக்குப் போய்விட்டு வந்து வை.

இங்கே ஐயா காலமாகிப் போன பிறகு வீடு பெரிதாய்ப் போய்விட்டது. காலையில் "விழுங்கினனியோ?" என்று கேட்க ஆள் இல்லை. நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். சீமையில் சண்டை தொடங்கின பிறகு மருந்தும் முந்தி மாதிரி வருவதில்லை. பட்டணத்து மருந்துக்கடைக்காரர், "கப்பல் வந்தால் வரும் அம்மா, வராட்டில் நான் என்ன செய்ய?" என்கிறார். இல்லாமல் போனால் எனக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் கணக்குப் பிழைக்கும். பிறகு அதுவும் கிடக்கட்டும் என்று இருக்கும். அதை நினைத்துச் சில நாள் இரவில் எழும்பி மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறேன். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. மலாயாவில் இன்னும் தட்டுப்பாடு இல்லை என்று இங்கே வந்து போகிறவர்கள் சொல்கிறார்கள். அங்கே கிடைக்கிறபோதே தொடங்கு என்பதற்காக எழுதுகிறேன்.

ஒருவேளை நீ இதை வாசித்த பிறகும் அவளை அனுப்புவதென்றே நிற்கலாம். அம்மாவுக்கு எல்லாரும் தன்னைப் போலத் தெரிகிறது என்று கூட்டாளிகள் சொல்லுவார்கள். அப்படியென்றால் ஒன்று செய். அவளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பாதே, அங்கே அவளுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். என்னிடம் அனுப்பு. இரண்டு போர்வையும் கொடுத்து, கப்பலில் தெரிந்த குடும்பம் ஒன்றோடு அனுப்பு. நான் ரெயில் ஸ்டேசனில் நிற்பேன். மறுநாளே டொக்குத்தர் அம்மாவிடம் கொண்டுபோவேன். அவ பார்த்துச் சொல்வது இந்த நோய்தான் என்றால், என் கையில் உள்ளதில் பாதி அவளுக்கு. கடைக்காரரிடம் நான் மன்றாடிப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மாதமோ ஒரு வருஷமோ, அவள் முகம் வடியும், குரல் திரும்பும், நீ கலியாணம் முடித்த பெண் அப்படியே எழும்பி வருவாள். அவள் சிரித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவதை நான் பார்ப்பேன்.

நீ பார்க்கமாட்டாய். சுகமாகிவிட்டாளாம், இனி அனுப்பிவிடுங்கள் என்று அப்போது எனக்கு எழுதாதே, தம்பி. போ என்று அவளுக்கு நான் சொல்லமாட்டேன்.

அம்மா